கழுத்து மட்டும்

சுமந்தின் கழுத்தில் முடி வளர்வதற்கு ஓர் ஒழுங்கு கிடையாது. இடது தாடைக்குக் கீழே காதைப் பார்த்துப் படுத்து வளரும். வலது பக்கம் மேல்நோக்கி ஏறும். தொண்டைக் குமிழுக்குப் பக்கத்தில் உச்சந்தலையில் இருப்பதைப்போல ஒரு சுழியே உண்டு. கடையில் வாங்கும் ரேசரை அதன்மேல் இழுத்தால், வெட்டுப்பட்ட முடி வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே திரும்பி, மறுநாள் சிவந்த கொப்புளமாக எழும்பும். ஆகையால் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அந்தக் கழுத்து திரவியத்தின் பொறுப்பு. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சலூன் வைத்திருக்கும் திரவியத்துக்கு மட்டும்தான் மடக்குக் கத்தியை எந்த இடத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியும்.

அப்பேர்ப்பட்ட கழுத்தை வைத்துக்கொண்டுதான் அவன் மனைவியிடம், பிரசவம் ஆகும்வரை முகத்தில் கத்தி படாது என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

ஸ்நேகாவுக்கு எட்டாம் மாசம். கரமனை அக்ரஹாரத்தில் அவள் அம்மா சாவித்ரியின் வீட்டில் இருந்தாள். சுமந்தும் அங்கேயே வந்து தங்கியிருந்தான். மனைவி கர்ப்பமாக இருக்கையில் கணவன் சவரம் செய்யக்கூடாது, மலை ஏறக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது என்று அந்தத் தெருக்களில் ஒரு வழக்கம். தீக்ஷை என்பார்கள். இப்போது பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதில்லை. முதல் தடவை ஸ்நேகா உண்டானபோது சுமந்தும் கண்டுகொள்ளவில்லை. மழமழவென்ற முகத்தோடு ஆபீஸ் சிநேகிதர்களோடு பொன்முடி மலைக்குப் போய் மேகத்துக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டான். ஏழாம் மாசத்தில் ஒரு நாள் குழந்தை அசைவது நின்றுபோயிற்று.

தொப்புள்கொடியில் கோளாறு என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதற்கும் பொன்முடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சுமந்துக்கும் தெரியும், ஸ்நேகாவுக்கும் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள். யாரும் அவனை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்து நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பான். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இந்தத் தடவை ஏழாம் மாசம் பிறந்ததும் அவளே கேட்டாள். அம்மாவுக்கு எதிரில் அவனை ‘நீங்கோ’ என்பவள், தனியாக இருந்தால் ‘நீ’ என்பாள். அன்றைக்குத் தனியாகத்தான் இருந்தார்கள்.

“எனக்கு இதிலே நம்பிக்கை கிடையாது சுமந்த். ஆனா பயம் இருக்கு. நம்பிக்கை இல்லாட்டாலும் பயம் மட்டும் வருமாக்கும். நீ தீக்ஷை இரு. வேற ஒண்ணும் நான் கேக்கலை.”

“இருக்கேன்” என்றான். கேட்ட மறுவிநாடியே சொன்னான். அதில் பொய் இல்லை.

முகம் ஒரு தொந்தரவும் தரவில்லை. தாடி அழகாகவே வந்தது. ஆபீசில் இரண்டு பெண்கள் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். படுத்தியது கழுத்துதான். குத்திக்கொண்டு நின்ற முடிகள் வளைந்து தோலுக்குள் இறங்கின. கொப்புளங்கள் உடைந்து சட்டைக் காலரில் ஒட்டின. திருவனந்தபுரத்துப் புழுக்கமும் வேர்வையும் சேர்ந்துகொள்ள, எரிச்சலில் ராத்திரி தூங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வான். இதெல்லாம் ஸ்நேகாவிடம் சொல்லவேண்டிய சமாசாரம். சொன்னால் எங்கே ‘எடுத்துக்கோ’ என்று வாயால் சொல்லிவிட்டு உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பாளோ என்று சொல்லவில்லை. அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். மனுஷனுக்குத் தன் விஷயத்தில் நல்லெண்ணத்துக்குப் பஞ்சமே வராது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து திரும்பும்போது அவனுக்கு ஒரு ஞாயம் உதித்தது. தாடி என்றால் முகத்தில் இருப்பது. கழுத்து எப்படி முகத்தில் சேர்த்தி? தாடி அப்படியே இருக்கட்டும். கழுத்து மட்டும். கம்ப்யூட்டரில் சட்டதிட்டங்களுக்கு நடுவே சந்து கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது கஷ்டமான வேலையா என்ன. கிழக்கேகோட்டையில் வண்டியை நிறுத்தினான்.

திரவியம் அவனைப் பார்த்துக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பாறசாலைப் பக்கத்துக்காரர், சிரித்தால் கண் காணாமல் போய்விடும்.

“என்ன சாரே, ஆளையே காணல. தாடியெல்லாம் விட்டிருக்கீங்க. வீட்டுல விசேஷமா, தீக்ஷையா?”

“அதெல்லாம் இல்லை. சும்மா, ஸ்டைலுக்கு.”

“இல்ல, தீக்ஷைன்னா நான் தொட மாட்டேன் பாத்துக்கிடுங்க. அதுக்குத்தான் கேட்டது.”

“ஸ்டைலுக்குத்தான். கழுத்து மட்டும் எடுங்கோ.”

வாக்கை மீறுவதற்கு முன்னாலேயே ஒரு பொய். அதுவும் யோசிக்காமல் வந்த பொய். நாற்காலியில் உட்கார்ந்தபோது சுமந்துக்குக் காது சூடாகியது. எழுந்து போயிருக்கலாம், கதவு திறந்துதான் கிடந்தது.

திரவியம் வெந்நீரில் பிழிந்த துண்டைக் கழுத்தில் சுற்றி வைத்தார். கொப்புளங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார். தாடியைச் சீப்பால் மேலே தூக்கிப் பிடித்து, கழுத்து முடியை முதலில் கத்தரியால் ஒட்டக் குறைத்தார். அப்புறம் கட்டைவிரலால் தடவி முடி படுத்திருக்கும் திசையைப் பார்த்தார். பிளேடை ரெண்டாக ஒடித்து மடக்குக் கத்தியில் மாட்டினார். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, அரை விரல்கடை அரை விரல்கடையாக, முடி போகும் வழியே கத்தியை விட்டார். இடது பக்கம் காதை நோக்கி. வலது பக்கம் கீழிருந்து மேலே. சுழிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“எச்சிலை முழுங்கி அப்படியே நிறுத்துங்க.”

குமிழ் மேலே ஏறி நின்ற அந்த இடைவெளியில் கத்தி ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு வந்தது. எதிர்த்து ஒரு தடவைகூட இழுக்கவில்லை. கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தார். வாசனைத் தண்ணியை எடுத்தபோது சுமந்த் வேண்டாம் என்று கையால் மறித்தான். வாசனை வீட்டில் போய்க் காட்டிக்கொடுக்கும் என்பது அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

வெளியே வந்ததும் கழுத்தில் காற்றுப் பட்டது. எத்தனை சுகம். அந்தச் சுகம்தான் அவனை முதலில் குத்தியது. வேதனையாவது தீர்ந்ததே என்று இருந்திருந்தால் பரவாயில்லை. இது திருட்டுப் பண்டம் தின்றதைப்போல ருசியாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தினால் தாடி கழுத்தை மூடிவிட்டது. சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

வீட்டில் கூடத்து நாற்காலியில் ஸ்நேகா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்தான். சாவித்ரி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை உதட்டில் வைத்து எச்சில் பண்ணாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் அந்த வீட்டுப் பழக்கம், அவனுக்கும் பிறந்ததிலிருந்து அதுதான் பழக்கம். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தபோது ஸ்நேகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்லை. செத்த நேரம் படுத்துக்கறேன்” என்று எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம் கழக்கூட்டத்தில் இருக்கும் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தபோது சாவித்ரியின் போன் வந்தது. அவள் ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல.

“மாப்பிள்ளை, காலம்பறலேர்ந்து கொழந்தை அசையலைங்கறா. ஆட்டோ விளிச்சு நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிண்டிருக்கோம். நீங்க நேரே அங்கே வந்துடுங்கோ.”

அவள் குரலில் பதற்றம் இல்லை. போன தடவையும் இல்லை. அதுதான் சுமந்தை மீட்டிங்கிலிருந்து பாதியில் எழுப்பியது.

பைபாசில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது அவன் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. நேற்று அத்தனை சுகமாக இருந்த வழவழப்பு இப்போது அருவருப்பாக இருந்தது. இது மூடநம்பிக்கை என்றான் தனக்கு. முடிக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்றான். உண்மைதான், ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவள் ஒன்றே ஒன்றுதானே கேட்டாள். அதைக்கூடச் செய்ய முடியாத நீ என்ன அப்பன் என்று உள்ளே யாரோ கேட்டார்கள். என் கழுத்தை அறுத்துக்கொண்டாலும் சரி, குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்தான். அழுகை வந்தது. எல்லாம் நல்லபடியாக இருந்தால் அவளிடம் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று யாருக்கென்று தெரியாமல் சத்தியம் செய்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது ஸ்நேகாவைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில், குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் மெஷினின் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஸ்மிதா, விழுந்தாளா, எதற்காவது பயந்தாளா என்று மலையாளத்தில் கேட்டாள். இல்லை என்றாள் ஸ்நேகா. சொல்லும்போது அவள் பார்வை சுமந்தின்மேல் ஒரு தடவை வந்துவிட்டுப் போயிற்று. அவன் மோவாயைத் தாழ்த்திக்கொண்டான்.

நர்ஸ் மெஷினைத் திருகினாள். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் அதற்கு அடியிலிருந்து தடதடவென்று ஒரு ஓட்டம் கிளம்பி அறை முழுக்க நிறைந்தது. சுமந்த் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். காகிதத்தில் கோடு ஏறி ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பட்டையே ஒரு பக்கமாக எழும்பி அமுங்கியது; எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள்.

“ஒரு குழப்பவும் இல்ல கேட்டோ” என்றாள் டாக்டர், ஒரு கோளாறும் இல்லை என்று. “ஆள் நல்ல ஓட்டமாணு.”

சாவித்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததும் பேச்சு வந்துவிட்டது. “எங்காத்து மாப்பிள்ளை தீக்ஷை இருக்காராக்கும் டாக்டர். இந்தக் காலத்துல யாரு இருக்கா, நீங்களே சொல்லுங்கோ. ஒரு குத்தம் குறை இல்லாம இருக்கார். அதுதான் பகவான் காப்பாத்தித் தந்தார்.” டாக்டர் தாடியைப் பார்த்துச் சிரித்தாள். நர்ஸும் சிரித்தாள். சுமந்துக்கு அந்தத் தரை வாயைத் திறந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

“ஆமாம்மா” என்றாள் ஸ்நேகா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

சாவித்ரி இளநீர் வாங்கக் கீழே போனாள். டாக்டரும் நர்ஸும் போய்விட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் மெஷின் ஓடட்டும் என்று சொல்லியிருந்தார்கள். பயம் தீர்ந்தவனுக்குச் சத்தியம் உடனே கனக்க ஆரம்பிக்கும். சுமந்துக்கும் கனத்தது. ஒன்றும் ஆகவில்லையே, இப்போது எதற்குச் சொல்லி அவளைக் கலக்க வேண்டும் என்று பழைய நல்லெண்ணம் எட்டிப்பார்த்தது. மாமியாரின் பாராட்டு மட்டும் காதில் விழாமல் இருந்திருந்தால் ஒருவேளை விழுங்கியிருப்பான்.

“ஸ்நேகா. நான் நேத்து திரவியத்துகிட்ட போனேன். கழுத்து எரிச்சல் தாங்கலை. கழுத்து மட்டும் எடுத்துண்டேன்.”

“தெரியும்” என்றாள்.

அவன் கை கழுத்துக்குப் போயிற்று.

“நேத்துக் காப்பி குடிச்சியே, அண்ணாந்துண்டு. நேரே விளக்கு. சுத்தமா இருந்தது கழுத்து.”

“அப்பவே ஏன் கேக்கலை?”

“நீயா சொல்லுவேன்னு பாத்துண்டிருந்தேன். ராத்திரி சொல்லுவேன்னு நினைச்சேன். காலம்பற ஆபீஸ் போறச்சே சொல்லுவேன்னு நினைச்சேன்.” அவள் குரல் உயரவில்லை. “ராத்திரி பூராவும் வயத்துமேல கையை வெச்சுண்டே படுத்திருந்தேன். முதல்ல அசையறது தெரிஞ்சது. அப்பறம் அசையறதா, எனக்குத் தோணறதான்னு மனசிலாகலை. விடிஞ்சப்பறம் ஒண்ணுமே தெரியலை. அது அசைஞ்சுண்டேதான் இருந்திருக்கு சுமந்த். எனக்குத்தான் தெரியலை. பயத்துல எனக்கு உடம்பே மரத்துப்போச்சு.”

இத்தனை நேரம் அவன் பட்ட குற்ற உணர்ச்சிக்கு ஒரு பின்வாசல் இருந்தது. மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் அதன் வழியாக வெளியேறிவிடலாம். இப்போது அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. கத்தியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் மோவாயைத் தாழ்த்தித் தாழ்த்தி நடமாடியதில்தான் அவள் ராத்திரி பூராவும் பயந்து, விடிந்தபின் தன் குழந்தை செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இதைப் பகவானிடம் போய்க் கேட்டு மன்னிப்பு வாங்க முடியாது.

“தப்புதான்” என்றான். “பிரசவம் ஆகறவரைக்கும் இனிமே கத்தி படாது. சத்தியமா.”

ஸ்நேகா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல், பட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“சத்தியமெல்லாம் வேண்டாம். எடுக்கணும்னா எடுத்துக்கோ. கழுத்தென்ன, முழுசும் எடுத்துக்கோ. எங்கிட்ட சொல்லிட்டு எடு, அவ்வளவுதான். இனிமே எதையும் மறைக்காதே. கொழந்தை அசைஞ்சா எனக்குத் தெரியணும்.”