கடைசிக் காட்சிக்கு வெளிச்சம்

தம்பி மோகனசுந்தரத்தின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார் கருப்புசாமி. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. உதவிக்கு வந்த பங்காளிகளைக் கண்ணாலேயே தள்ளி நிறுத்தினார்.

வாசலில் சுவக்கீன் வந்து நின்றான். ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவன். மோகனசுந்தரத்தோடு ஊர் ஊராகப் போய் நாடக மேடைகளுக்கு விளக்குக் கட்டுகிறவன்.

"ஐயா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். சாமானெல்லாம் நேத்தே மேடையில கட்டியாச்சு. அண்ணனோட லேப்டாப் மட்டும் வேணும். சாயங்காலம் வாயனசாலை லைப்ரரி ஆண்டு விழாவுல நாடகம்."

"சாவு ஊட்டுல இருந்து ஒரு பொருளும் வெளிய போகாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்யா."

"அப்பறமென்ன?"

கேரள எல்லையோரப் பெருமாட்டியில் தலைமுறை தலைமுறையாக நெல்லும் தென்னையும் பார்த்த குடும்பம். அதில் ஒருவன் நாடகக்காரர்களுக்குப் பின்னால் வயர் சுருட்டிக்கொண்டு போனதைக் கருப்புசாமி கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை. கல்யாணப் பந்தியில் யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால், "எலக்ட்ரிக் வேலைங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டுவார்.

லேப்டாப் சுவரோர பெஞ்சில் திறந்தபடியே கிடந்தது. காலையில் மோகனசுந்தரம் அதன் முன்னால்தான் சாய்ந்தான்.

"வேற கம்ப்யூட்டர் இல்லையா?"

"இருக்குய்யா. ஆனா நாடகம் இதுலதான் இருக்கு. விளக்கையெல்லாம் ஆட்டிவைக்கிற சாப்ட்வேரை முன்னாடி ஒருக்கா வாங்குனாப் போதும். இப்ப கம்பெனிக்காரன் வருசா வருசம் கட்டச் சொல்லுதான். விளக்கு கூடுனா அதுக்குத் தனி. கட்டலேன்னா பூட்டிருவான். அண்ணனுக்குக் கோவம் வந்து, காசில்லாமக் கிடைக்கிற வேற ஒண்ணுக்கு மாறிட்டாரு. எந்தக் காட்சிக்கு எந்த விளக்குன்னு இதே நாடகத்துக்குப் போன வருசம் எழுதி வச்சது புதுசுல தொறக்கல. ஒவ்வொரு காட்சியா முதல்லருந்து எழுதினாரு."

"மத்தவனெல்லாம் என்ன பண்றான்?"

"பூட்டை ஒடச்ச திருட்டுக் காப்பிதான்யா. நானே ஒண்ணு கொண்டாந்து குடுத்தேன். பழசு அப்படியே ஓடியிருக்கும். அண்ணன் வாங்கல." சுவக்கீன் தரையைப் பார்த்தான். "'எங்கண்ணன் காதுக்குப் போனா என்னைய ஊட்டுக்குள்ள உடமாட்டாரு'ன்னு சிரிச்சாரு."

முடிச்சு இறுகியிருந்தது. கருப்புசாமி அதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"நாடகத்தைத் தள்ளி வெக்கச் சொல்லு."

"நாடகக்காரங்களுக்கு நாளைக்கு வேற ஊருய்யா. லேப்டாப் கிடைக்கலேன்னா அந்தத் திருட்டுக் காப்பியவே போட்டு ஓட்டச் சொல்லுதாங்க விழாக் கமிட்டியில. பேனர்ல அண்ணன் பேருதான் இருக்கு."

தலைமாட்டில் இருந்த தம்பி மனைவி செல்வலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கடைசிக் காட்சிக்கு விடியக்காலத்து வெளிச்சமுங்க மாமா. அத மட்டும் எத்தனையோ தடவ மாத்தி மாத்திப் பாத்துட்டிருந்தாருங்க."

கருப்புசாமி எழுந்தார். லேப்டாப்பை மூடி, தோளில் கிடந்த துண்டில் சுற்றினார்.

"பெரியப்பா, வழக்கமில்லீங்களே" என்றான் ஒரு பங்காளி.

"வழக்கம் எனக்குத் தெரியும்."

நிலைப்படியைத் தாண்டி, வேலிப்படல் வரைக்கும் தானே நடந்து போய், துண்டோடு சுவக்கீனின் கையில் வைத்தார்.

"என்ற தம்பி ஒத்துக்கிட்ட வேலை. சரியாச் செய்."

எரித்துவிட்டு வந்து குளித்தவர், ஈர வேட்டியோடு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மேற்கே, தோப்புக்கு அப்பால் பள்ளி மைதானத்து நாடக மேடையிலிருந்து வசனம் விட்டுவிட்டுக் கேட்டது. வார்த்தை புரியவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். பிறகு வசனமும் நின்று, மேடை வெளிச்சமும் அணைந்து, தோப்பு முழு இருட்டாயிற்று.

கருப்புசாமி எழுந்து வாசல் ட்யூப்லைட்டை அணைத்தார்.

"ஏனுங்க மாமா, கரண்டு போயிருச்சுங்களா?" உள்ளிருந்து செல்வலட்சுமியின் குரல் வந்தது.

"இல்ல அம்மிணி."

மேற்கே, மேடை இருந்த பக்கம், தென்னை உச்சிகளின் அடிப்பக்கம் சாம்பல் நிறமாகி, அவசரமில்லாமல் வெளுத்துக்கொண்டிருந்தது.