சிவப்பு வண்டிகள்

என் மனைவி ஜெயலட்சுமி இறந்தது எண்பத்தாறு ஐப்பசியில். மருதையாற்றுப் பாலத்தருகே ஒரு லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவளுடன் இருந்தவன் அவள் தம்பி மாயவன் மட்டும்தான். பச்சை லாரி, கதவில் மஞ்சள் புலி என்று ஆஸ்பத்திரி வாசலில் அழுதபடி சொன்னான். பிறந்தவீட்டுக் கோடியை அவள்மேல் போர்த்தும்போது, "அவன விட மாட்டேன்க்கா" என்றான். அந்த அடையாளத்தை வைத்துத்தான் போலீஸ் லாரியைப் பிடித்தது.

பத்து மாதம் கழித்து அரியலூர் கோர்ட்டில் அவன் சாட்சி சொல்ல வேண்டும். வேறு சாட்சி இல்லை. முந்தின நாளே பெரம்பலூரிலிருந்து அவன் வீட்டுக்குப் போனேன்.

டிவி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு குச்சி. அதிலிருந்து ஒயர் ஒரு பெட்டிக்குப் போனது.

"வாங்க மாமா. வீடியோ கேமு. இது போலீஸ் காரு, நாந்தான் ஓட்டுறேன். செவப்பு வண்டியெல்லாம் திருட்டு வண்டி, மோதிப் புடிக்கணும். வேற வண்டிய இடிச்சா ஆட்டம் போச்சு."

கறுப்பு வெள்ளை டிவி. எல்லா வண்டியும் சாம்பல்.

"எது செவப்புன்னு எப்படித் தெரியுது?"

"கொஞ்சம் கருப்படிச்சாப்ல இருக்கும். எம்மாம் வேகமா போனாலும் நம்ம கண்ணுக்குத் தப்பாது."

ஏழு வண்டிகளைப் பிடித்தான். ஒன்றுகூடத் தவறவில்லை.

"ஏது இது?"

காபியோடு வந்த மாமியார் பச்சையம்மாள் சொன்னார். "லாரிக்காரங்க வூட்டுல குடுத்தாங்க மாப்பிள்ள. அவங்க மவன் சிங்கப்பூருலேருந்து கொண்டாந்தது. இவனுக்கு ஆபீசுல வேலையும் போட்டுத் தரேன்னிருக்காங்க."

"எந்த லாரிக்காரங்க?"

டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "போனவ திரும்பி வரப்போறாளா? இருக்கறவன் பொழைக்கணுமில்ல."

"நாளைக்கு என்ன சொல்லப் போற?" என்று மாயவனைக் கேட்டேன்.

"அன்னிக்கு ஒரே புழுதி மாமா. கலரு சரியாத் தெரியலன்னு..." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குச்சியைச் சட்டென்று திருப்பினான். எட்டாவது வண்டி.

காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

மறுநாள் கூண்டில் ஏறி அதையே சொன்னான். அரசு வக்கீல் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் புழுதி. அவள் அடிபட்ட அன்று காலையெல்லாம் மழை. ஆஸ்பத்திரியில் நான் பார்த்த அவள் சேலையில் சேறுதான் இருந்தது.

வெளியே வந்தபோது பின்னாலேயே ஓடி வந்தான்.

"கோவமா மாமா?"

"பஸ் வந்துருச்சு" என்றேன்.