ஒன்றேகால் மணித்தியாலம்

என் தம்பி சோமசேகரத்துக்கு எல்லாமே லேசு. சென்னையிலிருந்து விமான டிக்கெட்டோடு அனுப்பிய கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தான். கொழும்பிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம்தானே அக்கா, அந்தரப்படாமல் வா என்று. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனவன் எழுதுகிற எழுத்தா இது?

என்னுடையதில் ஒன்று அவனுக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அக்காவுக்குக் கஷ்டம் தரமாட்டேன் என்று இரண்டு தரம் மறுத்தவனை அவன் மனைவி பூரணிதான் சம்மதிக்க வைத்தாள். சத்திரசிகிச்சை வெள்ளிக்கிழமை. தவறினால் ஒரு மாதம் போகும், அதுவரை அவர் தாங்கமாட்டார் என்று அவள் தனித் துண்டில் எழுதி வைத்திருந்தாள். விமானம் புதன்கிழமை மத்தியானம். நான் ஞாயிறு காலையே கட்டைபறிச்சானிலிருந்து வெளிக்கிட்டேன்.

மூதூர் இறங்குதுறையில், குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போகும் லோஞ்ச் படகு ஓடவில்லை. கடற்படை கடலை மூடிவிட்டதாம். லோஞ்சில் வேலை செய்யும் அபூதாஹிர் நானா, புதனுக்கு முன் ஓடாது, வீட்டுக்குத் திரும்புங்கள் என்றார். என் கோபத்துக்கு அந்த மனிதர்தான் அகப்பட்டார். கண்ணுக்கெதிரே கிடக்கிற திருகோணமலைக்குப் போக மூன்று நாள் காத்திருக்க வேண்டுமா என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

"தரையால போறதெண்டா மூணு தோணித்துறை கடக்கணும் தங்கச்சி. பஸ்ஸும் இல்ல. நடக்க ஏலுமா?"

"ஏலாதெண்டு சொல்ல ஏலாது, நானா."

அவர் சைக்கிளை எடுத்து, முதல் துறைவரை என்னைக் கரியரில் ஏற்றிப்போனார். அதற்கப்பால் நடை. பாதிவழியில் செருப்பு அறுந்தது; வெறுங்காலோடு நடந்து பாதம் வெடிக்க, சேலைத் துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டேன். அன்றிரவு கிண்ணியாவில் அவருடைய தங்கை மைமூனா வீட்டில் தங்கினேன். மறுநாள் திருகோணமலையை அடைந்தபோது கொழும்பு பஸ் போய்விட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ் கிடைத்தது. ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நடந்து, மறுபடி ஏறவேண்டும். ஓரிடத்தில் என்னை மட்டும் நிறுத்தி, சென்னைக்கு ஏன் போகிறாய் என்று மூன்று தரம் கேட்டார்கள். ஆங்கிலத்தில் இருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசிக்கக்கூடிய அதிகாரி வந்து சேர்வதற்குள் பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் கொழும்புவரை நின்றபடியே போனேன்.

வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைத் திட்ட வார்த்தை சேர்த்தேன். ஒன்றேகால் மணித்தியாலமாம். ஊரை மறந்துபோனவனுக்கு வரைபடத்தில் எல்லாம் கிட்டத்தான்.

புதன்கிழமை விமானத்தில் தந்த சோற்றை முடிக்குமுன் இறங்கப்போகிறோம் என்றார்கள். மணிக்கூட்டைப் பார்த்தேன். அவன் எழுதியது சரிதான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் அவனைக் கண்டேன். எட்டு வருடத்துக்குப் பிறகு. முகம் ஊதி, கைகள் மெலிந்து, யாரோ போலக் கிடந்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைத் துண்டு சுற்றிய காலையே பார்த்தான்.

"கனக்கக் கஷ்டப்பட்டு வந்தனியோ அக்கா? என்னாலதானே. எனக்கு வேண்டாமெண்டு அப்பவே சொன்னனான்."

சேர்த்துவைத்த திட்டெல்லாம் வாய்வரை வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்றாம் தரமும் மறுத்துவிடுவான்.

"என்ன கஷ்டம்? ஒண்டேகால் மணித்தியாலம்தானே. புதுச் செருப்புக் கடிச்சுப் போட்டுது. நீ வெள்ளிக்கிழமைக்கு ஆயத்தமா இரு."

கதிரையை இழுத்து உட்கார்ந்து, கால் இரண்டையும் அவன் கட்டிலுக்குக் கீழே மறைத்துக்கொண்டேன்.