விரிசலுக்கு வாரண்டி இல்லை

வில்கானா ஊரின் ஒரே செல்போன் கடையில், கல்லாவுக்குப் பின்னால், மரச்சட்டம் போட்டு ஒரு வாசகம் தொங்கியது: ‘விரிசலுக்கு வாரண்டி இல்லை. கண்ணாடி தானாக உடைவதில்லை.’ எழுதியவர் கடை முதலாளி நெவில் ட்ரூயின். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ஊர் வணிகர் சங்கத் தலைவர் என்ற முறையில் நாற்பது பிரதி அச்சடித்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, சைக்கிள் கடை, ஓவன் கடை, தட்டுமுட்டுச் சாமான் கடை என்று எல்லாருக்கும் வழங்கினார். செருப்புக் கடைக்காரர் மட்டும் தன்னிடம் விரிசல் விடுகிற சரக்கே கிடையாது என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். கொள்கை என்றால் எல்லாருக்கும்தான் என்று அங்கேயும் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தார் நெவில்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஊரின் வசந்தகாலக் கண்காட்சியில், ‘ஆண்களுக்கு மட்டும்: பழக் கேக்’ என்ற பிரிவில் மூன்று வருடமாக நீல ரிப்பன் அவருக்குத்தான். நான்காவது முறையும் வாங்கிவிட்டால் வெள்ளிக் கோப்பை நிரந்தரமாக அவருடையது. அதற்காகக் கடை முகப்பு அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, மேலே சின்ன விளக்கு ஒன்றும் பொருத்தியிருந்தார். பூமியின் தென்பாதியில் வசந்தம் அக்டோபரில்தான், கண்காட்சியும் அப்போதுதான்; விளக்கு ஆகஸ்டிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. போட்டிக்கு எத்தனை கேக் வருகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

கண்காட்சி வாரத்துத் திங்கட்கிழமை காலையில் கிளெனிஸ் பாஸ்கோ கடைக்கு வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்; கண்காட்சியில் சமையல் கூடத்துக்கு மேற்பார்வை; சின்ன வயதில் நெவிலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அந்த அம்மாள் போனை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். திரையின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, ஒரே ஒரு கோடு.

“பதினெட்டு நாள்தான் ஆச்சு, நெவில். சக்கரை டப்பா பக்கத்துல வெச்சுட்டுத் துணி காயப்போடப் போனேன். வந்து பாத்தா இப்படி இருக்கு.”

நெவில் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். கீழே விழுந்த போன் என்றால் அடிபட்ட இடம் ஒன்று இருக்கும். அங்கிருந்து விரிசல் சிலந்தி வலை மாதிரி நாலாபக்கமும் ஓடும். இதில் அடிபட்ட இடமே இல்லை. கோடு போனின் ஓரச் சட்டத்துக்கு அடியிலிருந்து கிளம்பி வந்திருந்தது. சட்டம் ஒரு பக்கம் கோணியிருந்து கண்ணாடியை இறுக்கினால்தான் இப்படி வரும். இருபத்திரண்டு வருடத் தொழிலில் நாலைந்து முறை பார்த்திருக்கிறார். இப்போதும் பார்த்தார். பார்த்ததை லென்ஸோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“கண்ணாடி தானா உடையாது, கிளெனிஸ். யாராவது உடைச்சாத்தான் உடையும்.”

“யாரு, சக்கரை டப்பாவா?”

நெவில் தொண்டையைச் செருமிக்கொண்டு சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரலுக்கு மாறினார். விரிசலுக்கெல்லாம் வாரண்டி கொடுக்க ஆரம்பித்தால் ஜனங்கள் போனைப் பந்தாக வைத்து ஆடுவார்கள் என்றார். பொறுப்புணர்ச்சி போய்விடும் என்றார். பொறுப்புணர்ச்சி போனால் நாடு என்ன ஆகும் என்று அவர் ஆரம்பித்தபோது, விற்கிற பொருள் நியாயமான காலம் உழைக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று கிளெனிஸ் குறுக்கே கேட்டார். அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர்கூட வில்கானாவில் கடை வைத்ததில்லை என்று நெவில் பதில் சொன்னார்.

அந்த அம்மாள் வாதாடவில்லை. இதையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். எழுதித் தரச் சொல்லி நெவிலிடம் யாரும் இரண்டு முறை கேட்கவேண்டியதில்லை. சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். ‘முழுதாகக் கைமாறிய பொருள் பின்னர் விரிசல் கண்டால், அந்நேரம் அது எவர் கையில் இருந்ததோ அவரே பொறுப்பு. செய்தவர் மீது குற்றமில்லை.’ கீழே கையெழுத்து. அதன்மேல் முத்திரை. முத்திரை சற்று மங்கலாக விழுந்ததால் பக்கத்தில் இன்னொரு முத்திரை.

“கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கு உனக்கு,” என்று தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார் கிளெனிஸ்.

செவ்வாய் மாலை நெவில் கேக் செய்தார். திராட்சையும் பேரீச்சையும் ஒரு வாரமாக பிராந்தியில் ஊறியிருந்தன. ஓவன் மார்ச் மாதம் வாங்கிய புது ஓவன். வெந்த கேக்கை எடுத்துத் துணிமேல் வைத்தபோது, மேல்புறத்தில் நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. அதை விரிசல் என்று நெவில் நினைக்கவில்லை. திராட்சையின் நிழல் என்று நினைத்தார். விளக்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தார். மற்ற நிழல்கள் எல்லாம் நகர்ந்தன. இது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். பிறகு, பளபளப்புக்காகத்தான், ஆப்ரிகாட் ஜாமைக் கொஞ்சம் சூடாக்கிப் பிரஷ்ஷால் மெலிதாக ஒரு பூச்சுப் பூசினார். நிழல் மறைந்தது.

வியாழக்கிழமை கேக்கைக் கண்காட்சிக் கூடத்தில் ஒப்படைத்தார். கிளெனிஸ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘எண் 2, முழுதாகப் பெறப்பட்டது’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நெவில் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். தாள் என்றால் அவருக்கு எப்போதுமே மரியாதை.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு. கேக் செய்தவர்கள் மேஜைக்கு முன்னால் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. எந்தக் கேக் யாருடையது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் எண். நடுவர் இர்மா நோஸ்கி நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்திருந்தார். வெள்ளைக் கோட்டு, சின்னக் கத்தி, சிரிப்பென்பதே இல்லாத முகம். சொந்த நாத்தனாரின் ஸ்பாஞ்ச் கேக்கில் ஆறவைத்த கம்பித்தட்டின் தடம் இருந்தது என்று போட்டியிலிருந்தே நீக்கியவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் இரண்டு வீட்டில் நடக்கிறது.

மேஜையில் மூன்று கேக்குகள். ஒன்றாம் எண் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூன்றாம் எண் போலீஸ்காரர் தொப்பிபோல ஒழுங்காக இருந்தது. இரண்டாம் எண்ணின் உச்சியில் ஒரு விரல் போகிற அளவுக்கு விரிசல் வாய் பிளந்திருந்தது.

 நெவிலுக்குக் கடை முகப்பு விளக்கு ஞாபகம் வந்தது.

“ரெண்டாம் நம்பர். மேல விரிசல். ஓரமா வெச்சிடுங்க,” என்றார் இர்மா.

“நான் குடுக்கும்போது முழுசாத்தான் இருந்துச்சு,” என்றார் நெவில்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நூறு வருடக் கண்காட்சியில் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து யாரும் ‘நான்’ என்று சொன்னதில்லை. இர்மா மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். “இது உங்களோடதுன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மிஸ்டர் ட்ரூயின். எனக்குத் தெரியாம இருக்கத்தான் நம்பர் போடறாங்க.”

கிளெனிஸ்தான் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். பேசியது பேசியாகிவிட்டது, ஆனால் முறையீடு செய்ய விதி இருக்கிறது என்றார். மேற்பார்வையாளர்கள் பொறுப்பில் இருக்கும்போது கேக்குக்குச் சேதம் வந்திருந்தால், அந்தச் சேதத்தைக் கணக்கில் எடுக்காமல் ருசியை மட்டும் பார்க்கலாம். நெவிலுக்கு உயிர் வந்தது. சீட்டை எடுத்து நீட்டினார். குரல் தானாகவே சங்கக் குரலாக மாறியது. முழுதாகக் கைமாறிய பொருள் பின்னர் விரிசல் கண்டால் என்று ஆரம்பித்தவர், கிளெனிஸ் கைப்பையைத் திறப்பதைப் பார்த்ததும் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

நாலாக மடித்த தாள் கேக்குக்குப் பக்கத்தில் விரிந்தது. இரண்டு முத்திரையும் நன்றாகத் தெரிந்தன.

“மிச்சத்தை நீ சொல்லவே வேணாம், நெவில். உன் கையெழுத்துலயே இருக்கு. என் கையில இருக்கும்போதுதான் விரிசல் தெரிஞ்சிருக்கு, அதனால நான்தான் பொறுப்பு. ஒத்துக்கறேன்.”

இப்படி ஒரு சரணாகதியை நெவில் எதிர்பார்க்கவில்லை. தாராள மனசோடு தலையசைத்தார். மன்னிக்கிற முகத்தைக்கூட வைத்துக்கொண்டுவிட்டார். ஆனால் எப்படிப் பார்த்தாலும் கேக்கை வெட்டித்தானே ருசி பார்க்கமுடியும் என்று இர்மா கத்தியை எடுத்தார்.

கேக் இரண்டாகப் பிரிந்தது. விரிசல் மேலே மட்டும் இல்லை. நடுவயிற்றில் ஒரு பொந்து; அதிலிருந்து கிளம்பி, வளைந்து, உச்சிவரை வந்திருந்தது.

“சூடு ஜாஸ்தி,” என்றார் இர்மா. “மேல்தோல் முந்திக் கெட்டியாயிடுச்சு. உள்ள இருந்தது அப்புறமா எழும்பி வழி தேடியிருக்கு. இது தட்டியோ இடிச்சோ வந்ததில்ல. வேகும்போதே உள்ள உக்காந்திருக்கு. குடுக்கும்போது மூடிக்கிட்டு இருந்திருக்கும், அவ்வளவுதான்.” விரல்நுனியால் மேல்பகுதியைத் தொட்டு நாக்கில் வைத்தார். “ஆப்ரிகாட் ஜாம்.”

 ஒரு ஜாமின் பெயரை இவ்வளவு பாரமாக யாரும் உச்சரித்து அந்தக் கூடம் கேட்டதில்லை.

கிளெனிஸ் கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டார். “இடிச்சு வர்ற விரிசல் வேற, உள்ளேர்ந்து வர்ற விரிசல் வேறங்கறாங்க இர்மா. உன் தாள்ல ரெண்டும் ஒண்ணு. எது சரின்னு நீயே சொல்லிடு. தாள்தான் சரின்னா விரிசலை விட்டுடுவோம். ருசி நல்லாத்தான் இருக்கும், கோப்பை உனக்கே வந்தாலும் வரும்.”

ஒரு வார்த்தைதான். ‘தாள்’ என்று சொன்னால் போதும். நெவில் தாளைப் பார்த்தார். அது அழகாக எழுதப்பட்டிருந்தது. கேக்கைப் பார்த்தார், அது வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. சங்கத் தலைவராக நின்று அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவருக்குக் கூச்சமே இருந்திருக்காது. கேக் செய்தவராக, அந்தப் பொந்துக்கு முன்னால் நின்று சொல்ல நா எழவில்லை.

“வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்,” என்றார், சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல.

“காதுல விழல.”

“எல்லா விரிசலும் கைபட்டு வர்றதில்லன்னு சொன்னேன், கிளெனிஸ்.”

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கேக் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “அப்ப இதையும் வெட்டிப் பாரு.”

நீல ரிப்பன் மூன்றாம் எண்ணுக்குப் போயிற்று. உண்மையாகவே அது போலீஸ் சார்ஜெண்டுடையதுதான். சாய்ந்த கேக், குழாய் ரிப்பேர் செய்கிறவருடையது, இரண்டாவது. நெவிலுக்கு மூன்றாவது பரிசாக வெள்ளை ரிப்பன். மூன்று கேக்கில் மூன்றாவதா என்று யாரோ கேட்டதும், வழக்கமாக எத்தனை வரும் என்று சார்ஜெண்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிளெனிஸ் பதிவேட்டைப் புரட்டினார். போன வருடம் இரண்டு. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ஒன்று.

திங்கட்கிழமை முதல் வேலையாக நெவில் ஓவன் கடைக்குப் போனார். ஓவன் சொன்ன சூட்டுக்கு மேல் சுடுகிறது, வாரண்டியில் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் காலின் மறுபேச்சுப் பேசாமல் கட்டைவிரலால் தன் முதுகுக்குப் பின்னால் காட்டினார். சுவரில் அதே வாசகம், அதே கையெழுத்து.

“நான் விரிசலைப் பத்திப் பேசல, காலின். ஓவனைப் பத்திப் பேசறேன்.”

“கொள்கைன்னா எல்லாத்துக்கும்தான்னு நீதான சொன்ன. ஓவன் தானாக் கெடாதுப்பா.”

“திறந்து பாக்காம எப்படிச் சொல்ற?”

கேட்டுவிட்டு நெவில் சுவரைப் பார்த்தார். தன் வாசகத்தை முழுதாகப் படித்துப் பார்த்தார். இப்படி எழுதிய ஆளிடம் நான் எதுவும் வாங்கமாட்டேன் என்று அவருக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் நாற்பது சின்னத் தாளில் ‘திறந்து பார்த்த பிறகே முடிவு சொல்லப்படும்’ என்று எழுதி, கடை கடையாக ஏறி, வாசகத்துக்குக் கீழே ஒட்டிவிட்டு வந்தார். செருப்புக் கடையையும் விடவில்லை.

கிளெனிஸின் போனையும் நெவில் திறந்து பார்த்துக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்; ஐந்து வாரம் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. போனின் சட்டம் ஒரு பக்கம் கோணல், தயாரிப்பிலேயே இருந்த குறை, வேறு போன் அனுப்பியிருக்கிறோம் என்று கடிதம். கிளெனிஸ் வாங்கிக்கொள்ள வந்தபோது முகப்பில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கோப்பைக்கு விட்டிருந்த இடத்தில் வெள்ளை ரிப்பனை விரித்து வைத்திருந்தார் நெவில். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் கொஞ்சம் வெள்ளிபோலத்தான் இருந்தது.

அந்த அம்மாள் புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, திருப்தியாகி, பையில் போட்டுக்கொண்டார். போகும்போது கல்லாவுக்குப் பின்னால் இருந்த வாசகத்தை நிமிர்ந்து படித்தார். கீழே ஒட்டியிருந்த சின்னத் தாளை விரலால் தடவியும் பார்த்தார்.

“இதையும் ஜாம் வெச்சுத்தான் ஒட்டினியா, நெவில்?”

நெவில் லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு, வேறு யாருடைய போனையோ மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.