லானியின் மூக்கில் போன மருந்து

பணியில் இருக்கும்போது குண்டடிபட்டு விழுந்த போலீஸ்காரர்கள் உண்டு. லானி ஸ்டிடம் சர்க்கரையைத் தொட்டு விழுந்தார். பதினெட்டு வருட சர்வீஸ், ஆறடி இரண்டங்குலம், இந்த ஒஹையோ மலைப்பக்கத்தில் கரடியைக் கூட விரட்டியிருக்கிறார்.

அன்று காலை, பின்விளக்கு எரியாத காரொன்றை நிறுத்தினார். ஓட்டி வந்தவர் பாதிரியாரின் மனைவி யூடோரா டாக்கெட். பக்கத்து இருக்கை முழுக்க வெள்ளைப் பொடி. கையுறை இல்லாமல் லானி அதில் விரலை வைத்துவிட்டார். ஃபென்டனில் என்ற போதைமருந்தின் தூசி தோலில் பட்டாலே ஆள் காலி என்று ஸ்டேஷனில் ஒரு பேச்சு. பயிற்சி கொடுத்த டாக்டர் அப்படியெல்லாம் இல்லை என்று படித்துப் படித்துச் சொல்லியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. லானிக்கு நெஞ்சு படபடத்தது, விரல் நுனி மரத்தது, அப்படியே புல்லில் சாய்ந்தார்.

கூட வந்த போலீஸ்காரி கொரின் மேடக்ஸ் பதறிவிட்டாள். போதை மிஞ்சி மூச்சடங்கிக் கிடப்பவர்களை எழுப்புவதற்காகக் காருக்கு இரண்டென்று நலோக்சோன் என்ற மூக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து அவர் மூக்கில் அடித்தாள். எழவில்லை. இன்னொன்றையும் அடித்தாள். போதையே ஏறாதவருக்கு அதனால் என்ன ஆகிவிடும்? யூடோரா அம்மாள் முழங்காலிட்டு ஜெபித்தார். ஜெபத்தின் நடுவிலேயே விரலை நக்கியும் பார்த்தார்.

“கண்ணு, இது வெறும் சர்க்கரைப்பா. சர்ச்சுல விக்க டோனட் கொண்டுபோறேன்.”

லானி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மருந்துப் பெட்டி காலி. புதிது வாங்க மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் போக வேண்டும். மதியத்துக்கு மேல் கிளம்பி, வழியில் காபிக்காக ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். செய்தி அவர்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

“சார், காபிக்குச் சர்க்கரை போடட்டுமா, இல்ல ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டுப் போடட்டுமா?” என்றான் காபி மெஷின் பக்கத்தில் நின்ற வேட் ப்ரூயிட். ஒரு காலத்தில் கூரை வேலை செய்தவன். விழுந்து முதுகு போனது, வலி மாத்திரை பழகியது, மாத்திரை கிடைக்காதபோது தெருவில் கிடைப்பது பழகியது. வாய்க்கொழுப்பு மட்டும் எதிலும் குறையவில்லை.

“உன் வேலையைப் பாருடா,” என்று லானி கசப்புக் காபியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

காரில் ஏறியதும் கொரின் ஆரம்பித்தாள். “உன் பொறந்தநாளுக்கு நம்ம ஸ்டேஷன்ல கேக் வெட்டலாமா கூடாதா லானி? ஐஸிங் இருக்குமே, அதான் பயமா இருக்கு.”

“நீதானே ரெண்டையும் அடிச்சே? ஒண்ணோட நிறுத்தத் தெரியல?”

“நீ செத்துட்டேன்னு நெனைச்சேன்யா!”

 லானி தன் காபியை அவளிடம் நீட்டினார்.

ஐந்து நிமிடம்கூடப் போயிருக்காது, ரேடியோ கூப்பிட்டது. அதே பெட்ரோல் பங்க். கழிப்பறையில் ஒருவன் விழுந்து கிடக்கிறான், உதடு நீலம். ஆம்புலன்ஸ் வெகுதூரத்தில் இருந்தது. கொரின் வண்டியைத் திருப்பி விரட்டினாள். லானி காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். காலி என்று தெரிந்தேதான் திறந்தார்.

கிடந்தவன் வேட். பக்கத்தில் தரையில் வெள்ளைப் பொடி சிந்தியிருந்தது. இது சர்க்கரை இல்லை. வாய்க்கு மேல் வைக்கிற பிளாஸ்டிக் தடுப்பைத் தேடிக் கொரின் டிக்கியைக் குடைந்துகொண்டிருந்தாள். லானி காத்திருக்கவில்லை. பொடியிலேயே மண்டியிட்டு, வேட்டின் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். மார்பு ஏறியது. ஐந்து எண்ணினார், மறுபடி ஊதினார். பயமாகத்தான் இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. தடுப்போடு கொரின் ஓடிவந்தாள். அதை வைத்துக்கொண்டு மேலும் ஊதினார்.

ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிடம். ஆம்புலன்ஸ்காரர்களின் மருந்து இரண்டு முறை மூக்கில் ஏறியதும் வேட் இருமிக்கொண்டு கண் திறந்தான்.

“எவன்டா என்னை எழுப்பினது?”

“லானிதான். இவ்வளவு நேரம் உனக்காக மூச்சு விட்டாரு,” என்றாள் கொரின்.

வேட் உதட்டைத் துடைத்தான். “அதான் வெங்காய நாத்தம்.”

லானி சிரிக்கவில்லை. “உனக்கு வரவேண்டிய மருந்தைக் காலையில நான் வீணாக்கிட்டேன், வேட். மன்னிச்சுக்கோ.”

 ஸ்ட்ரெச்சரில் படுத்தபோது வேட்டின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. லானியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அடுத்த தடவையும் வருவீங்களா?”

அடுத்த தடவை என்று ஒன்று இருக்கக் கூடாது என்பதுதான் போலீஸ்காரர்கள் எல்லோரும் சொல்கிற பதில். லானியும் பலரிடம் சொல்லியிருக்கிறார். இன்று அது வாயில் வரவில்லை.

“வருவேன்,” என்றார்.

சுகாதார அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும். கொரினிடம் சாவியை வாங்கிக்கொண்டு லானியே வண்டியை எடுத்தார். காலி மருந்துப் பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.