நாற்பத்தோராவது வரி

தி.நகர் மாலை வகுப்பில் இன்று என் ஜாவா நிரலை வரிவரியாகச் சரிபார்த்தபோது, நாற்பத்தோராவது வரியில் தப்பு அகப்பட்டது. எந்தப் பங்கை என்றைக்கு வாங்கலாம் என்று சொல்லும் நிரல் அது. பழைய ஐந்து வருட விலைகளில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு மாதம்கூட நஷ்டம் காட்டவில்லை. எப்படிக் காட்டும்? ஒவ்வொரு நாளும் சாயங்கால விலையைப் பார்த்துவிட்டு, அன்று காலை விலைக்கு வாங்குவதாக எழுதி வைத்திருக்கிறேன்.

அதை நம்பி அக்காவின் கணவர் கணேசமூர்த்தி, மகளின் கல்லூரிக் கட்டணத்தை நாளைக் காலை பங்குகளில் போடப் போகிறார். வகுப்பு வாசலில் நின்றே போன் செய்தேன்.

"மாமா, நாளைக்கு வாங்காதீங்க. ப்ரோகிராம் தப்பு."

"இன்னா நைனா, மறுபடியுமா?" என்று சிரித்தார். "போன மாசம் மூணு தபா தப்புன்ன. மூணு தபாவும் நீயே சரியாத்தான் கீதுன்ன."

"இந்த வாட்டி நெஜம் மாமா."

"கேஸ் அடுப்பை மூடினோமான்னு பாதி வழில திரும்பி வர்ற ஆளு நீ. இந்தா, உங்கக்காகிட்ட பேசு."

அக்காவுக்கு அந்த வரியைப் படித்தே காட்டினேன்.

"எனக்கு இன்னாடா புரியும்? பயந்துக்கினே இருக்காத. சாப்ட்டியா?" என்றாள்.

அக்கா வீட்டுக்குப் போகும் வேளச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் போய் எதைச் சொன்னாலும், அவர்கள் காதில் என் வழக்கமான பயமாகத்தான் விழும்.