பெயர் வரும் இடம்

சாய ஆலையின் கேட்டுக்கு எதிரே போட்டிருந்த மேடையில் மைக் செட்காரரின் கொழுந்தியாள் பாடுவதற்காகத் தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலுக்கே ஆலையின் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன என்று மைக் செட்காரர் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வார். மைக்கே வேண்டாத குரல். இருந்தாலும் மைக் இல்லாவிட்டால் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது.

இன்று மைக் செட்காரருக்குப் பாட்டில் காது இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார்.

"ஆலை பேரு மட்டும் ஸ்பீக்கர்ல வரக் கூடாது. வந்துச்சு, உன் பெட்டி, வயர், நீ, எல்லாம் ஒரே வண்டியில ஸ்டேஷனுக்கு வரும்."

"வராது சார்."

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. கொழுந்தியாள் ஆலையின் பெயரைப் பாடுவதே இல்லை. சாயக் கழிவில் ஆறு செத்த கதையைப் பாடிக்கொண்டே வந்து, 'செஞ்சது யாரு' என்று நிறுத்தி, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவாள். பெயரைக் கூட்டம்தான் சொல்ல வேண்டும். நீட்டிய மைக் நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்கும். உடனே ஸ்பீக்கர் பேய் பிடித்தது போல் ஊளையிடும். ஆகவே அவள் நீட்டும்போதெல்லாம் மைக் செட்காரர் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அந்தப் பழக்கத்தைத்தான் இன்ஸ்பெக்டரிடம் வாக்குறுதியாக விற்று அனுமதி வாங்கியிருந்தார். கொழுந்தியாளிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அவரையே பாட்டாகக் கட்டியிருப்பாள்.

வழக்கமாகக் கூட்டம் போடுகிற கூச்சலுக்கு மைக் தேவைப்படாது. ஆனால் இன்று முன்னால் நின்றவர்களில் பாதிப்பேர் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். மாடி ஜன்னலில் இரண்டு சூப்பர்வைசர்கள் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் மைக் செட்காரரின் மனைவி; அவளுக்கும் ஆலையில்தான் வேலை. அவள் உள்ளங்கையைப் பார்த்தாலே அன்று ஆற்றில் என்ன நிறம் ஓடியது என்று சொல்லிவிடலாம். "நீ வாயத் தொறக்காத. நம்ம வீட்டு அடுப்பு உன் வேலையிலதான் எரியுது," என்று கிளம்பும்போதே காலில் விழாத குறையாகச் சொல்லியிருந்தார்.

'செஞ்சது யாரு?' மைக் நீண்டது. இவர் குறைத்தார்.

ஒருவரும் பேசவில்லை.

இரண்டாம் சரணம். மறுபடி மைக் நீண்டது. யாரோ இருமினார், மாடி போன்கள் தன் பக்கம் திரும்பியதும் மிச்ச இருமலை விழுங்கிக்கொண்டார். கொழுந்தியாளின் நெற்றியில் வியர்வை. கிட்டார்காரன் ஒரே சுரத்தில் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பரவாயில்லையே, கூட்டத்துக்கு உன்னவிட புத்தி இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

கடைசிச் சரணம். மைக் நீண்டது. இவர் குறைத்தார். மனைவி ஓரடி முன்னால் வந்தாள். பெயரைச் சொன்னாள்.

அக்காளுக்கும் தங்கைக்கும் சேர்த்துக் கொடுத்த தொண்டை முழுவதையும் தங்கையே எடுத்துக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. அக்காள் சொன்னது இரண்டு வரிசைக்கு மேல் போகவில்லை. ஆனால் மாடியில் இருந்த இரண்டு போன்களும் அவள் முகத்துக்கு வந்து நின்றன.

பின்னாலிருந்து ஒரு குரல், "என்ன சொன்னாங்க? கேக்கல."

அவள் திரும்பி நேராக அவரைப் பார்த்தாள். "ஏங்க, கேக்கலையாம்."

"யோவ், கைய எடு," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் வேலை போய்விட்டது. அது மாடியிலேயே முடிவாகிவிட்டது. பாக்கி இருந்தது அவள் சொன்ன அந்த ஒரு சொல்தான். அதையும் இரண்டு வரிசைக்குள் புதைப்பதா? சத்தக் குமிழைப் பிடித்து, போகிற மட்டும் திருகினார்.

ஸ்பீக்கர் ஊளையிட்டது. ஊரிலுள்ள நாயெல்லாம் பதில் கொடுத்தது. அந்த ஊளைக்கு நடுவே, இன்னும் நீண்டிருந்த மைக்கில், மனைவி மறுபடி பெயரைச் சொன்னாள். அது தெருக் கோடி வரை போய்ச் சுவரில் அடித்துத் திரும்பி வந்தது. பின்வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு நடுவரிசை. இருமலை விழுங்கியவர் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்.

இன்ஸ்பெக்டர் வயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் செத்தது, கூட்டம் சாகவில்லை.

"வராதுன்னியே."

"பாட்டுல வரல சார். என் வீட்டுக்காரி சொன்னது."

பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். அவரையும் ஏற்றினார்கள். கதவைச் சாத்துமுன் மனைவி உள்ளே காலை வைத்தாள்.

"நீ எங்கம்மா?" என்றார் கான்ஸ்டபிள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள் அவள், புருஷனிடம். "நாளைக்கு எனக்கு என்ன, காலையில எந்திரிக்கிற வேலையா இருக்கு?"

அவர் ஸ்பீக்கர் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டார்.